தொட்டிதான் நிறைய இருக்கிறதே

அன்புத் தம்பிக்கு,

உன்னைத் திட்டுவதற்கென்றே வாய் திறக்கிறவள் என்று நீ ஊரெல்லாம் சொல்லித் திரியும் உன் அக்கா எழுதுகிறேன். இதைக் கொண்டுவருபவர் எங்கள் நிலையத்து டிரைவர். அவரை உன் சலூன் வாசலிலேயே நிற்க வைத்துவிடாதே, உள்ளே உட்கார வை. கடிதத்தைப் பிரித்ததும் முதலில் ஒரு காரியம் செய். வீட்டுக்குப் போன் போட்டு, குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் பாப்பாவுக்குப் பால்பவுடர் கரைக்க வேண்டாம் என்று உன் மனைவியிடம் சொல். கொதிக்க வைப்பது என்றால் சூடு காட்டி இறக்குவது இல்லை. தளதளவென்று கொதிக்க வேண்டும். நீங்கள் இருவரும் குடிப்பதும் அப்படியே. சொல்லிவிட்டு வந்து மீதியைப் படி.

சொல்லிவிட்டாயா? பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று படித்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு உன்னைத் தெரியும். எழுந்து போன் செய்.

இனி காரணம். 'சாக்கடை மகாராணி' என்று என்னைக் கேலி செய்வாயே, அந்த வேலையில்தான் சிக்கல். இந்த நகரத்தின் கழிவுநீர் முழுவதும் என் நிலையத்துக்கு வருகிறது. அதைத் தெளிய வைத்து, கடைசியாகக் கிருமி சாவதற்கு மருந்து கலந்து ஆற்றில் விடுகிறோம். அதே ஆற்றில்தான், சற்றுக் கீழே, உங்கள் ஊர்க் குடிநீர் நிலையம் தண்ணீர் எடுக்கிறது. அவர்களும் மருந்து போடுகிறார்கள், ஆனால் நாங்கள் ஒழுங்காக அனுப்புகிறோம் என்று நம்பி அளவாகப் போடுகிறார்கள்.

நாங்கள் கலக்கும் மருந்துக்கு ஹைப்போ என்று பெயர். வீட்டில் தரை துடைக்க வாங்கும் பிளீச்சிங் திரவத்துக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள். வெயில் அதற்கு ஆகாது, வைத்திருக்க வைத்திருக்க வீரியம் போய்விடும். அதனால் இத்தனை வருடமும் சின்னச் சின்ன லோடாக அடிக்கடி வாங்கினோம். இந்த வருடம் மாநகராட்சிக் கணக்கு அதிகாரிக்கு ஒரு யோசனை உதித்தது. அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சிக்கனம். மொத்தமாக வாங்கினால் மலிவு என்று சொல்லி, கோடை முழுவதற்குமான மருந்தைக் கோடை தொடங்கும் முன்பே வாங்கி, தகரக் கூரைக்கு அடியில் இருக்கும் தொட்டிகளில் நிரப்ப வைத்துவிட்டார். அரிசி மூட்டையா அது, அடுக்கி வைத்துக்கொண்டு ஆற அமரச் சாப்பிட? வேண்டாம் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். கவுன்சிலில் அவருக்குக் கைதட்டல் கிடைத்தது.

வெயில் ஏறியது. எங்கள் லேபில் வேலை செய்யும் பெண் ஒருநாள் முகம் வெளுத்துப்போய் என் அறைக்கு வந்தாள். மேடம், இது மருந்தே இல்ல, உப்புத் தண்ணியா போயிட்டிருக்கு என்றாள். நம்பாமல் நானே சோதித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். அந்த வாரமே நாங்கள் வெளியே விடும் தண்ணீரில் கிருமி ஏறத் தொடங்கியது.

புது லோடு கேட்டு சிக்கனத்திடம் போனேன். தொட்டிதான் நிறைய இருக்கே மேடம், மறுபடியும் எதுக்கு என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நிறைய இருக்கு சார், வீரியம்தான் இல்ல என்றேன். நம்ம கணக்குல லிட்டர்தான் மேடம் உண்டு, வீரியத்துக்கு ஏது இடம் என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது விதி. தொட்டி காலியானால் அவசரத்துக்கு நானே கையெழுத்துப் போட்டு ஒரு லோடு வாங்கலாம். தொட்டியில் இருப்பது கெட்டுப்போனது என்றால் விசாரணைக் குழு கூட வேண்டும். குழுவுக்குத் தலைவர் யார் என்கிறாய்? அவரேதான்.

ஆணையரிடம் போனேன். உங்கள் ஊருக்கு எச்சரிக்கை அனுப்ப அனுமதியும் கேட்டேன். ஊரைப் பதற வைக்காதீங்கம்மா, கவுன்சில் கூடட்டும், பாத்துக்கலாம் என்றார். அவருக்கு இதில் கெட்ட எண்ணம் இல்லை. முதுகெலும்புதான் இல்லை.

அதன்பிறகு நான் செய்ததைக் கேள். மருந்து கலக்கும் பம்ப் பழுதானால் ஓட்டுவதற்கென்று வைத்திருந்த இரண்டாவது பம்பையும் சேர்த்து ஓட விட்டேன். வீரியம் போன மருந்தை இரண்டு பங்காகக் கலந்தால் கிருமியும் ஓரளவு அடங்கும், தொட்டியும் சீக்கிரம் காலியாகும் என்பது என் கணக்கு. இரண்டுமே நடந்தது. தொட்டி தரை தட்டியதும் அவசர லோடுக்குக் கையெழுத்துப் போட்டேன். டேங்கர் நேற்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. விசாரித்தால், என் ஆர்டர் செல்லாது, பணம் வராது என்று சிக்கனம் கம்பெனிக்குச் சொல்லிவிட்டாராம்.

இப்போது நீச்சல் குளத்திலிருந்து கடன் வாங்கிய பிளீச்சிங் பவுடரை எங்கள் ஆட்கள் டிரம்மில் கரைத்து ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். கண் எரிந்து, கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு ஊற்றுகிறார்கள். போதவே போதாது. கெட்ட மருந்தாக இருந்தாலும் ஏதோ ஒன்று விழுந்துகொண்டிருந்தது, அதையும் தீர்த்துவிட்டு உட்கார்ந்திருப்பது நான். எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. அப்பா போனபோதுகூட நான் இப்படி நடுங்கியதில்லை.

இதுவரை எழுதிக்கொண்டிருந்தபோது சிக்கனம் நேரிலேயே வந்துவிட்டார். தொட்டியை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு என் எதிரே உட்கார்ந்து, ரொம்பத் தன்மையாகப் பேசினார். மருந்து நல்லாத்தான் இருந்துச்சு, வால்வை மூட மறந்ததுல வீணாப் போச்சுன்னு எழுதிக் குடுங்க, மத்தியானமே டேங்கரை விடச் சொல்றேன் என்றார். யார் மறந்ததாக எழுதுவது என்று கேட்டேன். அது உங்க இஷ்டம் மேடம் என்றார். பம்ப் ஓட்டுகிறவர் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். மூன்று பெண்களுக்குத் தகப்பன்.

நான் மறந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டேன். நீயானால் அந்த ஆளின் சட்டையைப் பிடித்திருப்பாய். எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் நான் நியாயம் பேசும் ஒவ்வொரு மணி நேரமும் மருந்தில்லாத தண்ணீர் உன் வீட்டுப் பக்கம்தான் வருகிறது. டேங்கர் கிளம்பிவிட்டதாக இப்போதுதான் போன் வந்தது.

ஆனால் ஏற்கெனவே போன தண்ணீரைத் திரும்பக் கூப்பிட முடியாது. மருந்து நன்றாக இருந்தது என்று நான் எழுதிக் கொடுத்த பிறகு உங்கள் ஊருக்கு யாரும் எதையும் சொல்லப் போவதில்லை. இனி இந்தக் கடிதம் ஒன்றுதான் எச்சரிக்கை. போனில் சொன்னால் பேச்சோடு போய்விடும், காட்டுவதற்குக் கையில் எதுவும் இருக்காது என்றுதான் எழுதுகிறேன். உங்கள் குடிநீர் நிலையத்துப் பொறியாளர் உன்னிடம்தான் முடி வெட்டிக்கொள்கிறார் என்று பீற்றிக்கொள்வாயே, இதை எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் போ. ஆற்றுத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கச் சொல். மருந்தைக் கூட்டச் சொல். ஊருக்கு அறிவிக்கச் சொல். யார் சொன்னது என்று கேட்டால் மென்று விழுங்காதே, கடைசியில் இருக்கும் கையெழுத்தைக் காட்டு. காலையில் ஒரு பொய்க்குப் போட்ட அதே கையெழுத்துதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் வேலை போகும். போகட்டும். உன் மாமாவிடம் சொல்லிவிட்டேன், மனுஷன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அம்மாவுக்கு மட்டும் இப்போதைக்குத் தெரிய வேண்டாம்.

அம்மா என்றதும் ஒன்று. பாப்பாவுக்கு நாலைந்து நாளாக வயிறு சரியில்லை என்று உன் மனைவி போனில் சொன்னாளாம். பல் முளைக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும் என்று அம்மா சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு சமையலறைக்குள் போய் நின்றேன்.

பல்லுக்காகத்தான் இருக்க வேண்டும். இருந்தாலும் இன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ. போகும்போது இந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டு.

என் மருமகள் நூறு வயது இருக்க வேண்டும். டிரைவரை ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். டாக்டர் சொன்னதை ஒரே ஒரு வரியில் எழுதி அவரிடம் கொடுத்தனுப்பு. என்னைத் திட்டி எழுதினாலும் சரி, அந்த வரியை எழுது.

உன் அக்கா
(கையெழுத்து)