ஷாஜியாவும் வால் வெட்டும் வித்தையும்

ஜூலை 7, திங்கள்
நாட்டு மக்களுக்கு ஓர் அறிவிப்பு: எங்கள் வீட்டுக் கோழி இன்று என் கணக்கு நோட்டின் மேல் முட்டையிட்டது. வீட்டுப்பாடம் முடிந்ததாகக் கருதப்படும்.

அடுத்த செய்தி. பக்கத்து வீட்டு ஷாஜியா, நாலாம் வகுப்பு, அழுகிறாள். நீளமான சொல் வந்தால் முதல் எழுத்துகளைப் பார்த்து மிச்சத்தைக் குத்துமதிப்பாக அடித்துவிடுகிறாள். 'தோட்டக்காரர்களுக்கு' என்பதைத் 'தோட்டா' என்றாளாம். 18ஆம் தேதி டீச்சர் முன்னால் ஒழுங்காக வாசிக்காவிட்டால், இரண்டாம் வகுப்பில் உட்கார வேண்டும். அங்கே அவள் தம்பி தௌபீக் இருக்கிறான்.

"அவன் பக்கத்துல உக்கார மாட்டேண்ணே!"

"உக்கார விடமாட்டேன். எங்கிட்ட ஒரு வித்தை இருக்கு. நானே கண்டுபிடிச்சது" என்றேன்.

ஜூலை 9
அவள் அத்தா, அதாவது அப்பா, முகைதீன் மாமாவின் திராட்சைக் கொட்டகை. பெட்டியில் ஒட்டும் சீட்டுகளில் சொல்லைத் துண்டு துண்டாக எழுதினேன்: தோட்டம், காரர், கள், உக்கு. வாலிலிருந்து கழற்றிக்கொண்டே போனால் மிஞ்சுவது தெரிந்த சொல். வாயைப் பிளந்தாள். நான் மேதை.

ஜூலை 10
மேதைக்குச் சோதனை. 'மக்கள்' வந்தது. 'கள்' வாலை வெட்டிவிட்டு, "மக்குன்னா குளிக்கிற மக்காண்ணே?" என்றாள்.

முகைதீன் மாமா சிரித்தார். "கொத்துல கண்ட இடத்துல கத்திரி வச்சா என்ன மிஞ்சும் மாப்ளே?"

புதுச் சட்டம்: மிச்சம் தனியாக நிற்காவிட்டால் வெட்டாதே.

ஜூலை 13
இன்று ஆறே சொல்தான் வாசித்தாள். விடமாட்டேன்.

ஜூலை 14
போச்சு! கொட்டகையில் விட்டுவந்த சீட்டுகளை லோடு ஏற்றியவர்கள் பெட்டிகளில் ஒட்டி, வண்டி கேரளா போய்விட்டது. வியாபாரி போனில்: "பெட்டியில 'இல்லாமல்'னு ஒட்டியிருக்கல்லோ, பழம் இல்லாம அனுப்பிச்சோ?"

"ஏலே தங்கப்பாண்டி!" மாமா துரத்தினார். ஓடினேன்.

திரும்பி வந்தால், ஷாஜியா காலிப் பூச்சிமருந்துப் பெட்டியைக் கையில் வைத்து முணுமுணுக்கிறாள். "குழந்தை... கள்... உக்கு. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்."

பட்டென்று கீழே போட்டுவிட்டுக் கைகழுவ ஓடினாள். யாரும் சொல்லவில்லை. புரிந்துவிட்டது!

ஜூலை 18, வெள்ளி
வாசித்துவிட்டாள். ஒரு பக்கம் முழுக்க. நாலாம் வகுப்பிலேயே இருக்கிறாள்.

மாமா தெருவெல்லாம், "நம்ம மாப்ள கண்டுபிடிச்ச வித்தை" என்கிறார். நெளிந்தேன்.

உண்மை இதுதான். போன வருடம், பத்தாம் வகுப்பில், பள்ளி விட்டதும் பவானி டீச்சர் எனக்குத்தான் இப்படி வெட்டி வெட்டிக் காட்டினார். அப்போது எனக்கு வாசிக்க வராது. வீட்டில் கபடிப் பயிற்சி என்று சொல்லியிருந்தேன்.

ஷாஜியாவிடம் மட்டும் சொன்னேன்.

"அப்ப நீங்களும் அழுதீகளாண்ணே?"

"நானாவது, அழுகுறதாவது" என்றேன்.

அழுதேன்.