ஐஸ் உடைக்கும் முன் சொல்லியிருக்க வேண்டும்

சென்ற வாரம் உன் மனைவி என் அலுவலகத்துக்கு வந்தபோது, உன் ஆவணங்களைக் கோப்பில் வைத்துக் கொண்டுவரவில்லை. மூடி போட்ட ஒரு வெள்ளைப் பொலிஸ்திரின் பெட்டியில் கொண்டுவந்தார். ஐஸ் நிரப்பி மீன் அனுப்ப நீ பயன்படுத்திய அதே வகைப் பெட்டி. உன் ஐஸ் கடையில் எந்நேரமும் தரை ஈரமாகவே இருந்ததால், தண்ணீர் புகாத இடம் அது ஒன்றுதான் என்று முக்கியமான தாள்களையெல்லாம் நீ அதில் போட்டு வைத்திருந்தாயாம். மூடியைத் திறந்ததும் உப்பும் மீனும் குளிர்ந்த இரும்பும் கலந்த வாடை என் அறை முழுவதும் பரவியது. பக்கத்து அறையில் இருந்த எழுத்தர் எட்டிப் பார்த்தார். நீ உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டதைப் போல இருந்தது.

மேலே லோரியின் பதிவுத் தாள்கள் இருந்தன. அவற்றின் அடியில் உன் பங்குக் கணக்கின் அறிக்கை இருந்தது. அதில் ஒரே ஒரு நிறுவனத்தின் பெயர்தான் இருந்தது. உன் மனைவி அந்த வரியில் விரலை வைத்துக் கேட்டார்:

"அண்ணே, இத நீங்க இன்னும் வெச்சிருக்கீங்கதானே? லோயரு விக்கிறப்பதான் நானும் விப்பேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

எத்தனையோ சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். என்னை நோக்கி இவ்வளவு எளிமையான ஒரு கேள்வி வந்ததில்லை. அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இந்த மடலின் இறுதியில் எழுதுகிறேன். அதற்கு முன், நடந்தவற்றை நடந்த வரிசையில் உன்னிடம் சொல்ல வேண்டும். நீ உயிரோடு இருந்தபோது சொல்லாதவை அவை.

தஞ்சோங் டாவாய் ஜெட்டியில், மீன்பிடிப் படகுகள் வந்து சேரும் துறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. நான் மீன் வாங்க வந்திருந்தேன். நீ ஒரு மலாய்க்காரப் போட்காரரை எல்லார் முன்னிலையிலும் திட்டிக்கொண்டிருந்தாய். கடலுக்குப் போவதாக முந்தின நாள் சொல்லியிருந்த அவர், காலையில் மனம் மாறிப் போகாமல் இருந்துவிட்டார். அவருக்காக நீ உடைத்து வைத்திருந்த ஐஸ் தொட்டியில் இளகிக் கால்வாய் வழியே ஓடிக்கொண்டிருந்தது.

"தாக் பீ, ஹாபாக் லா," என்றாய் அவரிடம், கெடா மலாயில். போகவில்லையென்றால் சொல்லிவிடு. அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாய்: "கட்டியா இருந்தா நாளைக்கும் நிக்கும். ஒடச்சிட்டா நிக்காதுடா. போறதும் போகாததும் அவன் இஷ்டம், அத நான் கேக்கவே மாட்டேன். போகலன்னா ஒடைக்கிறதுக்கு முன்னால ஒரு வார்த்தை. அவ்ளோதான் கேக்குறேன்."

அந்த ஜெட்டியில் எழுதப்படாத விதி அது ஒன்றுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நீ அவரைத் திட்டியதைவிட, மறுநாள் அவருடைய போட்டுக்குத்தான் முதலில் ஐஸ் ஏற்றினாய் என்று கேள்விப்பட்டதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. "திட்டியாச்சுல்ல, முடிஞ்சி போச்சு," என்றாய்.

இரண்டாவதாகச் சொல்ல வேண்டியது, பாக்கார் ஆராங்கில் நாம் வழக்கமாக உட்காரும் தேநீர்க் கடையில் நடந்தது. முதலீட்டுத் தளம் நடத்தும் ஒரு நிறுவனத்தின் பங்குகளை வாங்கப்போவதாக அன்று உன்னிடம் சொன்னேன். அது என்ன வேலை செய்யும் நிறுவனம் என்று கேட்டாய். மக்கள் தங்கள் கைபேசியிலேயே யூனிட் டிரஸ்ட் என்னும் பொது முதலீட்டு நிதிகளை வாங்கவும் விற்கவும் அது ஒரு செயலியை நடத்துகிறது. அப்படி அதன் வழியே முதலீடு செய்யப்பட்ட மொத்தப் பணத்தில் ஒரு சிறு விழுக்காட்டை ஆண்டுதோறும் கட்டணமாக எடுத்துக்கொள்கிறது. வாங்கியவருக்கு இலாபமோ நட்டமோ, கட்டணம் வந்துகொண்டே இருக்கும் என்றேன். நீ தே தாரேக்கை ஒரு வாய் குடித்துவிட்டு, "அப்ப அவன் மீன் புடிக்கல. ஐஸ் விக்கிறான்," என்றாய்.

நான் மகிழ்ந்துபோனேன். "மிகச் சரியான ஒப்புமை," என்று சொன்னேன். அந்தச் சொற்களை நான் மறுக்க முடியாது. நீ கடைக்காரரை அழைத்து, "லோயர் வாயில 'சரி'ன்னு வந்துருச்சி. தேதி எழுதி வைங்கண்ணே, இனிமே வராது," என்றாய். அந்த வாரமே நீயும் வாங்கினாய். உன் பல ஆண்டுச் சேமிப்பில் பெரும்பகுதி அதில் போனது என்பது அப்போது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

கடல் கொந்தளித்தால் ஐஸ்காரனுக்கும் வியாபாரம் இல்லை என்பதை அன்று நம் இருவரில் ஒருவரும் நினைக்கவில்லை. போட்கள் கரையிலேயே கட்டிக்கிடக்கும் வாரங்களில் கடை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து நீ வானத்தைத் திட்டுவாய். அதை உன்னைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. ஆனாலும், நான் 'சரி' என்று சொன்னதால் நீ அந்த அறிவை ஒதுக்கி வைத்தாய். இது என் அனுமானம்தான். ஆனால் தவறான அனுமானம் என்று எனக்குத் தோன்றவில்லை.

சந்தை இறங்கத் தொடங்கியபோது அந்த நிறுவனத்தின் காலாண்டு அறிக்கையை முழுவதும் படித்தேன். ஒப்பந்தங்களைப் படிப்பது போலவே, அடிக்குறிப்புகள் வரை படித்தேன். அப்போதுதான் விளங்கியது. கட்டணம் மொத்தத் தொகையில் ஒரு விழுக்காடு என்பதால், சந்தை இறங்கும்போது எவரும் பணத்தைத் திரும்ப எடுக்காவிட்டாலும் அந்த மொத்தம் தானாகச் சுருங்குகிறது, கட்டணமும் சுருங்குகிறது. பயந்துபோன மக்கள் புதிதாக எதையும் வாங்காமல் காத்திருக்கிறார்கள். அதனால் புது வரவும் நின்றுவிடுகிறது. ஊழியர் சம்பளமும் கணினிச் செலவும் வாடகையும் மட்டும் சுருங்குவதில்லை. ஆகவே வருவாய் சிறிது குறைந்தாலே இலாபம் பெரிதாகக் குறைகிறது. இவற்றுக்கெல்லாம் மேலே, அந்தப் பங்கை நாம் வாங்கிய விலையே நிறுவனம் வேகமாக வளரும் என்ற எதிர்பார்ப்பின் விலை. எதிர்பார்ப்பு போனதும் அந்த விலைக்கு அடியில் தரை இல்லை. அதனால்தான் சந்தை ஒரு படி இறங்கினால் இத்தகைய பங்கு மூன்று படி இறங்குகிறது.

இதை விளங்கிக்கொண்ட இரண்டாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில், என்னுடைய பங்குகள் அனைத்தையும் விற்றேன். உன்னை அழைக்கவில்லை. நீதிமன்றத்துக்கு நேரமாகிவிட்டது, மாலையில் அழைக்கலாம் என்று நினைத்தேன். மாலையில் நாளைக்கு என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை நீயே வந்தாய். உன் வழக்கப்படி என் காடியில், காரின் பின்னால் சாமான் வைக்கும் பூட்டைத் திறக்கச் சொல்லி, வவ்வால் மீன் வைத்த பெட்டியை உள்ளே வைத்தாய். பிறகு கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, "லோயரே, கடல் சரியில்ல போலயே. என்ன செய்யலாம்?" என்று கேட்டாய்.

அதற்கு நான் சொன்னதைச் சொல் மாறாமல் எழுதுகிறேன்: "பங்குகளை விற்பது பற்றி ஆலோசனை சொல்ல எனக்கு உரிமம் இல்லை. அவரவர் சூழ்நிலையைப் பார்த்து அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும்."

நீ சிரித்தாய். "ஆமா லா, கோர்ட்ல பேசுற மாதிரி பேசு. காலையிலேருந்து இப்பிடித்தான் பேசுனியா, வீட்ல பொண்டாட்டிகிட்டயும் இப்பிடித்தானா?" என்றாய். பிறகு பூட்டை மூடிக்கொண்டே, "சரி, எனக்கு அந்தப் பேப்பரெல்லாம் படிச்சா புரியாது. நீ படிப்ப. நீ விக்கிறப்ப எனக்குச் சொல்லு, நானும் வித்துடுறேன்," என்றாய்.

நான் தலையசைத்தேன்.

அன்று என் வாயிலிருந்து பொய்யான கூற்று எதுவும் வரவில்லை. நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சட்டப்படி சரி. இதைத்தான் பல மாதங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விற்று மூன்று நாளான ஒருவன், விற்கும்போது சொல்கிறேன் என்று தலையசைப்பதற்கு என்ன பெயர் என்பது எனக்குத் தெரியும். இன்னொருவர் செய்திருந்தால் அந்தப் பெயரை வாதத்தின் முதல் வரியிலேயே வைத்திருப்பேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கலாம். வாங்கும்போது உரக்கப் பேசியவன் விற்கும்போது சத்தமின்றி விற்றது எனக்கே கூச்சமாக இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தால் மூன்று நாள் தாமதத்துக்கு மட்டும் விளக்கம் சொல்லவேண்டியிருந்திருக்கும். அடுத்த வாரம் பத்து நாளுக்கு. அடுத்த மாதம், ஒரு தலையசைப்புக்கும் சேர்த்து. ஒவ்வொரு நாளும் உண்மையின் விலை ஏறிக்கொண்டே போனது. உன் பங்கின் விலை இறங்கிக்கொண்டே போனது.

அந்த நேரத்தில்தான் தஞ்சோங் டாவாய்க் கடையின் உரிமையாளர், உனக்கே அதை விற்றுவிடுவதாகச் சொன்னார். அத்தனை ஆண்டுகள் வாடகைக்கு இருந்த இடம். ஒப்பந்த வரைவை என்னிடம் கொண்டுவந்தாய். "இதுக்கு அந்த ஷேரத்தான் நம்பியிருக்கேன். இன்னும் கொஞ்சம் நிமிரட்டும். லோயரே விக்கல, நான் ஏன் அவசரப்படணும்?" என்றாய். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைவைப் படித்தேன். இரண்டு ஷரத்துகளைத் திருத்தினேன். ஒரு காற்புள்ளியைக்கூடத் திருத்தினேன். உன்னிடம் திருப்பித் தந்தேன்.

அது நிமிரவில்லை. உரிமையாளர் குறித்த கெடு முடிந்தது. இடம் வேறொருவருக்குப் போனது. நீ ஐஸ் இயந்திரத்தை லோரியில் ஏற்றிக்கொண்டு கோத்தா கோலா மூடாவுக்குப் போய், அங்கே வாடகைக்கு ஒரு மூலையைப் பிடித்தாய். புதிய ஜெட்டி, புதிய முகங்கள், எல்லாம் முதலிலிருந்து. ஒருநாள்கூட என்னைக் குறை சொல்லவில்லை. மீன் பெட்டி மட்டும் முன்போலவே வந்தது. ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

உன் இதயம் நின்றதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை. மருத்துவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. தொடர்பு இல்லை என்று சொல்வதற்கும் நான் தகுதியானவன் அல்லன்.

இனி, உன் மனைவியின் கேள்வி. விரல் இன்னும் அந்த வரியின் மீதே இருந்தது. நான், "இந்த விஷயத்தில் ஆலோசனை சொல்ல எனக்கு..." என்று தொடங்கினேன். பெட்டியின் வாடை மூக்கில் ஏறியது. அந்த வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

"இல்லம்மா. நான் வித்துட்டேன். அவன் எங்கிட்ட வந்து கேக்குறதுக்கு மூணு நாளைக்கு முன்னாடியே."

அவர் விரலை எடுத்தார். "அவர்கிட்ட சொல்லலயா?"

"சொல்லல."

"ஏண்ணே?"

"வெக்கமா இருந்துச்சிம்மா. அப்புறம், நாள் ஆக ஆகச் சொல்ல முடியல."

அவர் அழவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து என் மேசையில் அடுக்கினார். பிறகு கேட்டார்: "சரி. இப்ப நான் என்ன செய்யட்டும்? அவரோட மிஷின் மோட்டார் போயிருச்சி. மாத்துனாத்தான் யாவாரத்த நான் ஓட்ட முடியும். நேராச் சொல்லுங்க."

"வாரிசு மனுவுக்குக் கோர்ட் அனுமதி வந்ததும், நானா இருந்தா வித்துட்டு மோட்டார மாத்துவேன். அது திரும்பவும் ஏறலாம். ஏறுச்சின்னா நான் சொன்னது தப்பாப் போயிரும். ஆனா நான் அப்பிடித்தான் செய்வேன்."

"இவ்ளோதானா?" என்றார்.

அவர் நக்கலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே, இவ்வளவுதான் சொல்லவேண்டியிருந்ததா என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். நீ என் காடியின் பூட்டை மூடுவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்துக்குள் அதைச் சொல்லி முடித்திருக்கலாம்.

வாசல் வரை போனவர் நின்று திரும்பினார். "அன்னிக்கே சொல்லியிருந்தா ஒங்கள நல்லா திட்டியிருப்பாருண்ணே. ஜெட்டில நிக்க வெச்சித் திட்டியிருப்பாரு. மறுநாளு மீனோட வந்து நின்னிருப்பாரு." பிறகு போய்விட்டார். பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. மறந்தாரா, வேண்டாம் என்று விட்டாரா என்பதை நான் கேட்கவில்லை.

நண்பா, நான் கடலுக்குப் போகாத போட். உன்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ எனக்காகவும் சேர்த்து ஐஸை உடைத்துக்கொண்டே இருந்தாய்.

பெட்டியை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவி என் காடியின் பூட்டில், நீ வைக்கும் அதே இடத்தில் வைத்திருக்கிறேன். வாடை முழுவதும் போகவில்லை. அன்று எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய அந்தத் திட்டு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. "திட்டியாச்சுல்ல, முடிஞ்சி போச்சு" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நீ. நீ இல்லாததால், அது முடியாமல் என்னோடு வந்துகொண்டிருக்கிறது.