சீட்டில் எழுதிய தாய் பெயர்

அன்னவாசல்
12-6-1957

என் குருவிக்கு,

அம்மா இன்னாசியம்மாள் எழுதுறது. நானும் பாக்கியமும் சுகம். நீ நர்ஸ் படிப்புக்குப் போய் ஒரு வருசம் ஓடிப்போச்சு. என் எழுத்து மூணாங்கிளாஸ் எழுத்துதான். ஆனாலும் நம்ம விசயத்தை அடுத்தவங்களை வச்சு எழுத முடியாதே.

பாக்கியத்துக்கு நாலு வயசு முடிஞ்சிருச்சு. ஒன் வயித்துல பொறந்தவளுக்கு என்னை அம்மான்னும் ஒன்னை அக்கான்னும் சொல்லிப் பழக்கிட்டேன். ஒன் போட்டோவைக் காட்டினா, "ஊசி போடுற அக்கா"ங்குறா. கல்லுக் குவாரியில வெடி வெடிச்சு ஒன் புருசன் செத்த நார்த்தாமலையிலேயே இருந்திருந்தா இது நடக்காது. இங்கே நம்மை யாருக்கும் தெரியாது.

படிப்புல சேர எழுதின பாரத்துல பிள்ளை இல்லைன்னு எழுதச் சொன்னது நான்தான். "பிள்ளைக்காரியைச் சேக்க மாட்டாங்களாம், எழுதுடி"ன்னேன். நீ அழுதுக்கிட்டே எழுதினே. அந்தப் பாவம் என்மேல கெடக்கட்டும், நீ நல்லாப் படி. தலைக்கு எண்ணெய் வை. ரெண்டு மாசமா ஒரு வரி இல்லையே.

அம்மா

3-11-1957

அன்புள்ள அம்மாவுக்கு,

சவுரியம்மாள் எழுதுவது. கோபித்துக்கொள்ளாதீர்கள், எழுத நேரமே கிடைப்பதில்லை. இப்போது குழந்தைகள் வார்டில் போட்டிருக்கிறார்கள். நேற்று தொண்டை அடைப்பான் வந்த ஒரு பிள்ளையைப் பார்த்தேன். கழுத்து வீங்கி, தொண்டைக்குள் பாலாடை மாதிரி வெள்ளையாகப் படர்ந்திருந்தது. உடனே ஊசி போட்டால் பிழைக்கும். நாள் தவறினால் மூச்சு அடைத்துவிடும். அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டது.

பாக்கியத்துக்கு அப்படி வந்தால் பத்து கித்துப் போட்டுக்கொண்டிருக்காமல் இங்கே தூக்கி வந்துவிடுங்கள். ஆனால் என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள வேண்டாம். கல்யாணத்தை மறைத்துச் சேர்ந்த ஒருத்தியைப் போன வாரம் மேட்ரன் பெட்டியோடு தெருவில் நிறுத்திவிட்டார்.

பாக்கியத்துக்கு அக்கா முத்தம் கொடுத்தேன் என்று சொல்லுங்கள்.

சவுரி

20-2-1958

அன்புள்ள அம்மாவுக்கு,

திங்கட்கிழமை இப்படி வந்து நிற்கலாமா? ஒரு கார்டு போட்டிருக்கக்கூடாதா? மேட்ரன் என் பக்கத்தில் இருக்கும்போதா பாக்கியம் அக்கா என்று கூப்பிட வேண்டும்? "தெரிந்த பிள்ளையா?" என்று கேட்டார். இங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடும் என்று சமாளித்தேன். நல்ல வேளை, நீங்கள் வாய் திறக்கவில்லை.

வேலை முடிந்து வந்து பார்த்தால் உங்களைக் காணோம். டாக்டர் மருந்து கொடுத்திருப்பார். காய்ச்சல் விட்டதா? அடுத்த மாதம் பரீட்சை. அதுவரை தயவுசெய்து வர வேண்டாம்.

சவுரி

அன்னவாசல்
24-2-1958

குருவி,

ஒன் கடுதாசி கெடைச்சுச்சு. காய்ச்சல் விட்டுருச்சு. பாக்கியத்தைப் பொதைச்சு ஆறு நாள் ஆச்சு.

ஞாயித்துக்கிழமை கழுத்து வீங்குச்சு. ஒன் பழைய கடுதாசியை எடுத்து எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டு, மறுநா மொத பஸ்ஸுக்கே வந்துட்டேன். தகப்பன் இல்லைன்னதும் ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதுறவர் தாய் பேரு கேட்டார். என் பேரைச் சொன்னேன். என் நரையைப் பாத்துட்டு, "ஏ ஆத்தா, பேத்தியைப் பெத்தேங்கிறியா?"ன்னார். வரிசையே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சு வச்சேன்.

அப்பத்தான் நீ வந்தே. வெள்ளைச் சேலையில நல்லா இருந்தே. பாக்கியம் கையை நீட்டி அக்கான்னா. குரல் வரலை, காத்துதான் வந்துச்சு. நீ நின்னே. குனிஞ்சு அவ மொகத்தைப் பாத்தே. பெறகு, "வரிசையில உக்காருங்கம்மா"ன்னு யாருக்கோ சொல்ற மாதிரி எனக்குச் சொல்லிட்டுப் போயிட்டே. சவுரின்னு கத்தியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். அது என் பாவம், ஒனக்குப் பங்கு தரலை.

பன்னெண்டு மணிக்குக் கதவைச் சாத்திட்டு, நாளைக்கு வான்னாங்க. பஸ் இலுப்பூர் வரதுக்குள்ள மடி கனத்துப்போச்சு. கண்டக்டருக்குத் தெரிஞ்சா எறக்கிவிட்டுருவார். தூங்குற பிள்ளையைத் தட்டுற மாதிரித் தட்டிக்கிட்டே அன்னவாசல் வந்து சேந்தேன்.

செத்த கணக்கு எழுத வந்த கணக்கப்பிள்ளையும் தாய் பேருதான் கேட்டார். அங்கேயும் என் பேருதான். ஒன் பேரு எந்தக் காயிதத்துலயும் இல்லை. தைரியமாப் பரீட்சை எழுது. முடிச்சிட்டு இங்கிட்டு வர வேண்டாம்.

இப்படிக்கு,
பாக்கியத்தின் தாய்
இன்னாசியம்மாள்

ஒண்ணே ஒண்ணு கேக்கணும். தொண்டைக்குள்ள வெள்ளையா இருக்கும்னு எனக்கு எழுதினவ நீ. அக்கான்னு கூப்பிட அவ வாயைத் தொறந்தப்ப, குனிஞ்சியே, அதை நீ பாத்தியா, பாக்கலையா?