மேல்முடிக்கு வண்டி தேர்ந்த ஓலை

மூன்று மலைகளும் ஓர் அருவியும் உடைய நீலவரை நாட்டு மன்னர் கொற்றவேளாரின் குடைநிழல் என்றும் குளிர்க. அவர்தம் அமைச்சர் திருநீலக் காவிதியாரின் திருமுன் இவ்வோலை பழுதின்றிச் சேர்க. அவையோர்க்கும் அவர்தம் கன்று காலிகளுக்கும் நலம் விளைக.

புரட்டாசித் திங்கள் ஒன்பதாம் நாள், ஆழித்துறை வண்டிச் சந்தையிலிருந்து கொள்முதல் எழுத்தன் இளஞ்சேய் எழுதியது.

நேற்று விடுத்த ஓலையில் ஒரு சிறு பிழை நேர்ந்துவிட்டது. மின்வண்டி மேல்முடி மலையை ஏறி முடிக்கையில் சார்ஜ் பாதிக்கும் கீழே போனது என்று எழுதியது மெய். ஆதலால் அது திரும்பி வரும் வலுவற்றது, ஹைப்ரிட் பிக்கப்பே நாட்டுக்கு ஏற்றது என்று முடித்ததுதான் பிழை. இறங்கும் வழியில் சார்ஜ் என்ன ஆயிற்று என்பதை இளஞ்சேய் பார்க்கவில்லை. வழி நெடுகக் கண்களை மூடிக்கொண்டிருந்தான். எழுத்தன் தன்னை 'நான்' என்று குறித்தல் அரண்மனை மரபு அன்று. ஆகவே அந்த அச்சமும் இளஞ்சேயினது என்றே இங்குப் பதியப்படுகிறது.

பிழையைத் திருத்த இன்று மீண்டும் மலை ஏற வேண்டியிருந்தது. அதனால் இளஞ்சேய்க்கு மாலைப் பள்ளியில் கணக்குப் பாடம் ஒன்று தவறியது. வண்டியை ஓட்டியவர், அது யாருக்காக வாங்கப்படுகிறதோ அந்த மலை மருத்துவச்சி செம்பியம்மையே. சாட்சி மொழியைச் சொன்னபடியே எழுதுக என்பது அமைச்சரின் நிலையாணை ஆதலின், ஏறுமுன் அவர் கூறியது வருமாறு: "கண்ணத் தொறந்துக்கிட்டு வர்றதா இருந்தா ஏறு தம்பி. இல்லன்னா ஒரு மூட்டையக் கூடுதலா ஏத்திக்குவேன்."

முதலில் ஹைப்ரிட்டின் சிறப்பை உள்ளவாறு உரைக்க வேண்டும். அது சிறிய உடல் கொண்டது. மலைப் பாதையின் குறுகிய வளைவுகளில் பின்வாங்காமல் திரும்புகிறது. பின்தொட்டியில் ஒரு கட்டிலைக் கிடத்தலாம். சிவப்பு நிறத்தில் ஒன்று கடையில் ஆயத்தமாக நிற்கிறது. வண்டிக்கடைச் சாத்தப்பர் அதன் பெருமையை இவ்வாறு விளக்கினார்: "இது ரெண்டு மாடு பூட்டின மாதிரிங்க. பெட்ரோல் ஒரு மாடு, கரண்ட் ஒரு மாடு. ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு இழுத்துரும்."

செம்பியம்மை மறுத்தார். "ஒண்ணு படுத்தா மத்தது எங்கய்யா இழுக்கும்? அதுவும் கூடவே நிக்கும். நீரு மாடு ஓட்டுனதே இல்ல போல."

எனினும் நடுநிலை பேணின், பெட்ரோல் உள்ளவரை அவ்வண்டி நிற்காது என்றே எழுத வேண்டும். இடர் என்னவெனில், பெட்ரோல் கீழ்க்கணவாய் வழியே அயல்நாட்டிலிருந்து வருகிறது. ஐப்பசி மழையில் கணவாய் சரிந்து மூடும். அதே மழையில்தான் நம் அருவி பெருகி, மின்நிலையத்துச் சக்கரங்கள் ஓயாது சுழலும். கோடையில் இது தலைகீழாகும் என்பதை இளஞ்சேய் மறைக்கவில்லை. ஆனால் கோடையில் மேல்முடியார் நடந்தே இறங்கிவிடுவர்.

இன்று மலையுச்சியில் சார்ஜ் நேற்றைப் போலவே பாதிக்குக் கீழ் நின்றது. அங்கே மிளகு மூட்டைகளை ஏற்றினார்கள். நங்கை என்னும் கருவுற்ற பெண்ணைக் காணச் செம்பியம்மை சென்றார். திரும்பிவந்து, "உள்ள ரெண்டு உசிரு கெடக்கு. ஐப்பசி தாண்டாது" என்றார். பின்னர் வண்டி இறங்கியது. இறங்கும் பாரமே வண்டிக்குள் மின்சாரமாகத் திரும்ப, அடிவாரத்தில் சார்ஜ் பாதியை நன்கு தாண்டி நின்றது. வெறுமையாய் ஏறிப் பாரத்தோடு இறங்குவதே மேல்முடியின் வழக்கம் ஆதலின், ஒரே நாளில் இன்னொரு முறையும் போய்வரலாம். மலையே வண்டிக்குச் சோறு போடுகிறது என்று எழுத எண்ணி, அது மிகை எனக் கருதி விடுத்தான்.

ஆகவே மின்வண்டியே தக்கது. ஆனால் புதிய மின்வண்டி தையில்தான் வரும் என்றார் சாத்தப்பர். ஓட்டிப் பார்க்கக் கொடுத்த இந்த ஒன்று விற்பனைக்கு அன்று என்றார். தைவரை பொறுக்கலாமா என்று இளஞ்சேய் செம்பியம்மையிடம் வினவினான். அவர் மூட்டையின்மேல் அமர்ந்தபடி கூறியது:

"போன மழையில ஒரு பொண்ணக் கட்டில்ல தூக்கிட்டு வந்தாங்க. நான் பின்னாலயே நடந்து வந்தேன். பாதி வழியில, இனிமே மெதுவாவே போங்கப்பான்னு சொல்லிட்டேன்."



அமைச்சரின் மறு ஓலை வர நாள் பிடிக்கும். கொள்முதலுக்குச் செல்பவன் கையில் தரப்படும் அரச முத்திரையை, கேளாமல் ஒருமுறை பொறிக்கலாம் என்பது மரபு. பொறித்த பொருள் அக்கணமே அரசுடைமை. தவறாகப் பொறித்தவன் எழுத்தாணியை ஒப்படைக்க வேண்டும். இளஞ்சேய் நெடுநேரம் எண்ணினான். நேற்று உறுதியோடு எழுதியவன் அவனே என்பதையும் எண்ணினான். பின்னர் அரக்கை உருக்கி, சாத்தப்பரின் மின்வண்டிக் கதவில் முத்திரையைப் பதித்தான்.

"பெயிண்ட் உரிஞ்சிரும் தம்பி," என்றார் சாத்தப்பர்.

"உரியட்டும். உள்ள படுத்து வர்றவ பெயிண்ட்டயா பாக்கப்போறா?" என்றார் செம்பியம்மை.

முறையான விலை சாத்தப்பருக்குச் சேர்க. அடிவாரச் சாவடியில் மழைக்கு முன் சார்ஜ் ஏற்றும் இணைப்பு இடுமாறு மின்நிலையத்தார்க்கு ஆணை செல்க. நேற்றைய ஓலை தள்ளுபடி ஆகுக. இச்செயல் பிழையென அவை காணின், எழுத்தாணி இளஞ்சேயின் இடுப்பில் ஆயத்தமாக உள்ளது. மலையும் அருவியும் உள்ளளவும் இவ்வோலை செல்லுக. எஞ்சிய அரக்கு சிறிதாதலின் இவ்வோலை முத்திரையின் ஒரு விளிம்பு பதியவில்லை, பொறுத்தருள்க.

நாளைக் காலைப் பணி: மேல்முடிக்கு வண்டி கொண்டு சென்று, நங்கையை அடிவார மருத்துவச் சாலைக்கு இறக்கி வருதல்.