மலையேரியில் உங்கள் மகள்

அன்புள்ள ரேணுகா அக்கா,

நாம் ஒருமுறைகூடப் பார்த்துக்கொண்டதில்லை. நீங்கள் போய் மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் அந்த வீட்டுக்கு வந்தவர் என்பதால் அக்கா என்றே எழுதுகிறேன். உங்களுக்குச் சம்மதமா என்று கேட்க வழியில்லை.

நினைவஞ்சலி எழுதுகிறவர்களுக்கு நினைவுகள் இருக்க வேண்டும். எனக்கு உங்களைப் பற்றி ஒன்றுகூட இல்லை. அதனால் அழுதுகொண்டே எழுதுவதாகப் பாசாங்கு செய்யமாட்டேன். போன மாதம் பள்ளி விடுமுறையில் ஒன்று நடந்தது. உங்கள் மகள் திவ்யாவைப் பற்றியது. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

திவ்யாவுக்கு இப்போது பதினேழு வயது. உங்கள் உயரத்தைத் தாண்டிவிட்டாள் என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்கள். என்னோடு சண்டை போடமாட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பாள், அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். மூன்று ஆண்டுகளாக நாங்கள் இருவரும் ஒரே பேருந்தில் பக்கத்து இருக்கைகளில் பயணம் செய்கிறவர்கள் மாதிரித்தான் இருந்தோம். நான் தம்போயில் ஒரு தொழிற்சாலையில் மின்சுற்றுப் பலகைகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை செய்கிறேன். பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது என் வேலை. வீட்டில் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

கோத்தா திங்கிக்குப் போகலாம் என்றது சேகர்தான். லாரிப் பட்டறையே கதி என்று கிடக்கும், நம் இருவருக்கும் கணவரான மனிதர் தானாக ஒரு பயணத்துக்குத் திட்டம் போட்டது எனக்கு ஆச்சரியம். அவர் பிறந்த தோட்டம் அங்கேதானே. செம்பனைத் தோட்டத்துக்கு அப்பால் ஒரு மலை, அதன் மேல் எப்போதோ தண்ணீருக்காக அணை கட்டித் தேக்கிய ஓர் ஏரி. இப்போது அந்த அணையை யாரும் பயன்படுத்துவதில்லை, நடக்கப் போகிறவர்கள் மட்டும் போய் வருகிறார்கள். காலையில் ஏறினால் மதியத்துக்குள் இறங்கிவிடலாம் என்றார்.

மழையே இல்லாத வாரம். காலை ஏழரைக்கே வெயில் முதுகில் ஏறிவிட்டது. அடிவாரத்துக் குடிலில் பெயர் எழுதிக் கொடுத்தோம். காவலுக்கு இருந்த மலாய்க்காரர் என் காலணியைப் பார்த்துவிட்டு "ஹாத்தி-ஹாத்தி, காக்" என்றார். பார்த்துப் போங்கள் அக்கா என்று அர்த்தம். அவர் சொன்னது சரிதான். வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் வழுவழுப்பான சப்பாத்தையே நான் போட்டுக்கொண்டு போயிருந்தேன். திவ்யாவும் சேகரும் பால்மரம் வெட்டுகிறவர்கள் போடுகிற ரப்பர் சப்பாத்து போட்டிருந்தார்கள். எனக்கும் ஒன்று வாங்கியிருக்கலாம் என்று இருவருக்கும் தோன்றவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் வீடு அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

பாதி வழிக்கு மேல் ஒரு கூரை போட்ட பெஞ்சு இருந்தது. அங்கே அவர் உட்கார்ந்து வலது முட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னால முடியல. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

"அப்ப எல்லாரும் எறங்கலாம்," என்றேன்.

"இல்ல, நான் ஏரியப் பாக்கணும்," என்றாள் திவ்யா. என் பதிலுக்குக் காத்திருக்காமல் நடக்க ஆரம்பித்தாள்.

அவருக்கு முட்டி வலித்தது உண்மைதானா? இன்றுவரை நான் கேட்கவில்லை.

மீதித் தூரத்தை அவள் முன்னே, நான் பத்தடி பின்னே என்று நடந்தோம். வேர்கள் படிக்கட்டு மாதிரி கிடந்தன. இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தேன். முதல் முறை அவள் திரும்பிப் பார்த்தாள். இரண்டாம் முறை நின்று, ஒரு குச்சியை ஒடித்துத் தந்துவிட்டுப் போனாள். என் கணுக்காலில் அட்டை ஏறியிருந்ததைக் காட்டி, "பிச்சு இழுக்காதீங்க ஆன்ட்டி, நகத்தால தள்ளி விடுங்க," என்றாள். அன்று காலையிலிருந்து அவள் என்னோடு பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

ஏரி பெரிதில்லை. ஒரு பந்துத் திடல் அளவு இருக்கும். மூன்று பக்கமும் காடு, ஒரு பக்கம் பாசி பிடித்த சிமெண்டுச் சுவர். தண்ணீர் தேநீர் நிறத்தில் அசையாமல் கிடந்தது. குளிக்கக் கூடாது என்று மலாயில் எழுதிய பலகை சாய்ந்து நின்றது. எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

நான் பையிலிருந்து மீகூன் நூடுல்ஸ் பொட்டலங்களை எடுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது திவ்யாவின் சப்பாத்து கரையில் இருந்தது. அவள் இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டிருந்தாள்.

"திவ்யா, அலமாக்! போர்டு போட்டிருக்கு பாரு. மேல வா."

அவள் திரும்பவில்லை. மார்பளவு. பிறகு தலை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

அக்கா, எனக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் இறங்கினேன். சப்பாத்தைக் கழற்றவில்லை. அடியில் சேறு காலை இழுத்தது. தண்ணீர் என் தோளுக்கு வந்தபோது முன்னே போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. அப்போது என் மனதில் ஓடியது எது தெரியுமா? அவரிடம் என்ன சொல்வேன் என்பது இல்லை. உங்களிடம் என்ன சொல்வேன் என்பதுதான். முகமே தெரியாத உங்களிடம்.

அவள் ஏரியின் நடுவில் மேலே வந்தாள். என்னைப் பார்த்ததும் கைவீசி வேகமாக நீந்தி வந்து, என் கையைப் பிடித்துக் கரைப் பக்கம் இழுத்தாள்.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"பின்ன எதுக்கு எறங்குனீங்க? நான் என்ன செத்தா போயிடுவேன்? எனக்கு நீச்சல் தெரியும். அம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க, கீழ ஆத்துல. ஏழு வயசுல."

மூன்று ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் இருந்தும், உங்கள் மகளுக்கு நீச்சல் தெரியும் என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இருவரும் சுவரில் ஏறி உட்கார்ந்தோம். துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திவ்யா ஏரியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்காக எறங்குறீங்க. அப்புறம் ஏன் அம்மா படத்த எடுக்கச் சொன்னீங்க?"

"எந்தப் படம்?"

"ஹால்ல இருந்தது. நீங்க வர்றதுக்கு மொத நாள் இருந்துச்சு. மறுநாள் ஸ்கூல் விட்டு வந்தா இல்ல. அப்பாகிட்ட கேட்டேன், ஒண்ணுமே சொல்லல. அப்ப நீங்கதானே?"

நான் உங்கள் வீட்டுக்குள் நுழைந்த நாளில் கூடத்துச் சுவரில் ஓர் ஆணியும், அதைச் சுற்றி வெளுத்துப்போகாத ஒரு சதுரமும் இருந்தன. உங்கள் படம் இருந்த இடம் என்று எனக்குப் புரிந்தது. மகள் எடுத்துத் தன் அறையில் வைத்திருக்கிறாள், நான் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். நியாயம்தான் என்றுகூட நினைத்தேன். அவள் அறைக்குள் நான் கால் வைக்காததற்குக் காரணமே அதுதான்.

இதை அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் நம்பினாளா என்று முகத்தில் தெரியவில்லை.

"நீங்க எடுக்கச் சொல்லலையா?"

"இல்ல. உங்கிட்ட இருக்குன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட இல்ல ஆன்ட்டி. எங்கிட்ட அம்மாவோட ஒரு படம்கூட இல்ல."

மீகூனை இருவரும் சாப்பிடவில்லை. இறங்கும்போது அவள் எனக்கு ஓரடி முன்னால் நடந்தாள். வழுக்கும் இடத்தில் எல்லாம் நின்று கை நீட்டினாள். இதை அன்பு என்று எழுத எனக்குத் துணிவில்லை. நான் விழுந்தால் அவள்தானே தூக்க வேண்டும்.

பெஞ்சில் அவர் பாதித் தூக்கத்தில் இருந்தார். எங்கள் ஈரத் துணியைப் பார்த்துப் பதறி எழுந்தார். திவ்யா நேராகக் கேட்டாள்.

"ப்பா, அம்மா படம் எங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைத் திருப்பவில்லை.

"பட்டறையில இருக்கு. என் மேசைக்கு மேல. தெனமும் சாம்பிராணி காட்டுறேன்." குரல் இறங்கிவிட்டது. "புதுசா வர்றவங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு எடுத்துட்டுப் போனேன். திருப்பி மாட்டலாம்னு நெனப்பேன். அப்புறம் உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு... நாள் போயிடுச்சும்மா."

"மூணு வருசம்ப்பா. நான் இவங்கதான்னு நெனச்சிட்டேன். நீங்க சும்மா இருந்தீங்க."

"தெரியும்."

"தெரியுமா?"

அவர் குனிந்து தன் சப்பாத்தைச் சரிசெய்தார். உங்களோடு வாழ்ந்தபோதும் அவர் இப்படித்தான் இருந்தாரா அக்கா? அவள் விறுவிறுவென்று இறங்கிப் போனாள். நானும் பின்னால் போனேன். எனக்கும் கோபம்தான். ஆனால் முட்டியைத் தேய்த்துக்கொண்டு தனியாக இறங்கி வந்த அந்த மனிதரைப் பார்த்தால், மூன்று ஆண்டுகளாக லாரி எஞ்சின்களுக்கு நடுவில் உங்களை ஒளித்து வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தவர் என்று நினைத்தால், திட்டவும் வாய் வரவில்லை.

மறுநாள் மூவரும் பட்டறைக்குப் போனோம். அங்கேதான் உங்கள் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தேன். பச்சைச் சேலை, கொஞ்சம் சலித்துக்கொண்ட மாதிரி ஒரு சிரிப்பு. கண்ணாடி மேல் கறுப்பாக எண்ணெய் விரல் ரேகைகள். துடைக்கலாம் என்று கை நீட்டிய நான் நிறுத்திக்கொண்டேன். திவ்யா துடைத்தாள். அவள் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பழைய ஆணியில் வேண்டாம் என்று சொல்லி, சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச் சுவரில் மாட்டினாள். இப்போது நான்கு பேராகச் சாப்பிடுகிற மாதிரி இருக்கிறது. முதல் இரண்டு நாள் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்போது பழகிவிட்டது.

அவரோடு திவ்யா ஒரு வாரம் பேசவில்லை. பிறகு பேசினாள். என்னோடும் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. நான் இன்னும் ஆன்ட்டிதான். ஆனால் அறைக் கதவு சில நாள் சாத்தாமல் இருக்கிறது. போன ஞாயிறு என்னை நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போனாள். ஓரத்தைப் பிடித்துக்கொண்டு காலை அடிக்கச் சொன்னாள். நான் அடித்த விதத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். படத்தில் இருக்கும் சிரிப்பு மாதிரிதான் இருந்தது.

அடுத்த மாதம் உங்கள் திதி வருகிறது. இதுவரை அப்பாவும் மகளும் கோயிலுக்குப் போய் முடித்துவிட்டு வருவார்கள், நான் வேலைக்குப் போய்விடுவேன். இந்த முறை லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டிலேயே படைக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. என்ன சமைப்பது என்று திவ்யாவிடம் கேட்டேன்.

"அம்மாவுக்கு நெத்திலி சம்பல்னா உயிரு. ஆனா நீங்க செய்யறது கொஞ்சம் இனிப்பா இருக்கும்லா ஆன்ட்டி."

மூன்று ஆண்டுகளாக அந்தச் சம்பலைச் சத்தமில்லாமல் சாப்பிட்டிருக்கிறாள்!

அக்கா, அன்றைக்குச் சீனி போடமாட்டேன். மிளகாயைக் கூட்டிக்கொள்கிறேன். ருசி சரியா என்று பார்க்க உங்கள் மகள் பக்கத்தில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் வந்து சாப்பிட்டுப் போகவேண்டும். ஏதாவது குறை இருந்தால் அவள் சொல்லிவிடுவாள், அடுத்த ஆண்டு திருத்திக்கொள்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் செய்வேன்.

உங்களுக்குப் பின்னால் அந்த வீட்டுக்கு வந்த தங்கை,
வாசுகி
தம்போய், ஜொகூர்