பூட்டிய கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள்

என் நாரைக்குட்டி நோரீனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிறதும் அந்தப் பெர்த் நகர வெயிலில் வாடாமல் இருக்க வேண்டும். இங்கே மழை விடவில்லை, மாடுகளுக்குக் குறையில்லை, நானும் தம்பியும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், அவ்வளவுதான். அப்பா இறந்து ஒரு மாதம் ஆனதற்கு வைத்த பூசைக்கு ஊரே வந்தது. வாயும் வயிறுமாக இருக்கிற நீ விமானம் ஏற முடியாததை யாரும் குறையாகச் சொல்லவில்லை, நீயும் மனதில் வைத்துக்கொள்ளாதே. கவலையெல்லாம் தம்பி ஃபின்டனைப் பற்றித்தான். கொட்டகையில் அப்பா விழுந்துகிடந்ததை முதலில் பார்த்தவன் அவன். அடக்கத்தன்று அவன் பள்ளிப் பிள்ளைகள் சீருடையோடு ரோட்டின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள், அவன் நடுவே கல் மாதிரி நடந்தான். அதற்குப் பிறகு அப்பா என்ற சொல்லே அவன் வாயில் வரவில்லை. படிப்பை விட்டுவிட்டு மாடுகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னான். பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்கவென்றே பள்ளியில் டூஹி டீச்சர் இருக்கிறாரே, அவரிடம் பேசேன் என்றேன். அவங்க இப்ப நாள் பூரா புவியியல் எடுக்கறாங்கம்மா, அந்த ரூமைப் பூட்டியாச்சு என்றான். டப்ளினில் அரசாங்கத்தார் செலவைக் குறைக்கிறார்களாம், அதில் அவருடைய அந்த நேரமும் போய்விட்டது.

போன செவ்வாய்க்கிழமை பள்ளியிலிருந்து அவன் பெயரை எடுத்துவிடச் சொல்லத் தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போனேன். சாப்பாட்டு நேரம். நடைபாதையில் திரும்பினால், அந்தப் பூட்டிய கதவுக்கு இரண்டு பக்கமும் பிள்ளைகள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், சின்ன வகுப்பும் பெரிய வகுப்பும் கலந்து. உள்ளே ஆள் இல்லை என்று தெரிந்தும் வந்திருக்கிறார்கள். கோவிலுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது எனக்கு. இத்தனை பேரையும் டூஹி டீச்சர் ஒருத்தி அந்தப் பொந்து போன்ற அறைக்குள் தாங்கியிருக்கிறாள், ஊரில் ஒருவருக்கும் தெரியாமல். நம் ஃபின்டனும் அங்கே இருந்தான். டெர்வ்லா என்று ஒரு பெரிய பெண், டேய், உங்கம்மா நிக்கறாங்க, அந்த ஒட்டகக் காலை மடக்கு என்றாள். நானும் தரையில் உட்கார்ந்தேன், முழங்கால் சத்தத்தில் ஒரு குட்டிப் பையன் சிரித்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து ஃபின்டன் என் முகத்தைப் பார்க்காமலே, கன்னுக்குட்டிக்கு எடுத்துட்டுப் போன பாலைக் கீழ வச்சுட்டுத்தாம்மா அப்பா விழுந்திருக்கார், ஒரு சொட்டு சிந்தல என்றான். ஒருவரும் திரும்பவில்லை. டெர்வ்லா தன் ஆப்பிளில் மிச்சமிருந்ததை அவன் முழங்காலில் வைத்தாள். மணி அடித்ததும் டூஹி டீச்சர் அடுத்த வகுப்புக்கு வரைபடங்களோடு வந்தார். நிற்க நேரமில்லை, நடந்துகொண்டே ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக்கொண்டு போனார்.

பெயரை எடுக்கச் சொல்லவில்லை, கதவைத் திறங்கள் என்றுதான் தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். திறந்துடலாம் மிஸஸ் டாலி, உள்ள உட்கார ஆளுக்கு எங்க போவேன் என்றார், அந்த மனிதரும் பாவம். பிள்ளைகளே பிள்ளைகளை எத்தனை நாள் தாங்குவார்கள் சொல். ஃபின்டன் இன்னும் பள்ளிக்குப் போகிறான், நாளைக்கும் போவானா என்று எனக்குத் தெரியாது. வெளியே வரும்போது சாவிக்கொத்தோடு நின்ற பள்ளிக் காவலாளி, கிழவர் கிறிஸ்டி, உங்க நோரீன்கூட ஒரு குளிர்காலம் பூரா இந்த ரூம்லதான கிடந்தா, வரும்போது கண்ணு வீங்கியிருக்கும், போகும்போது என் தொப்பியைக் கிண்டல் பண்ணிட்டுப் போவா என்றார். நீ பாட்டுக்குழுவுக்குப் போகிறாய் என்றல்லவா நான் நினைத்திருந்தேன். என்ன பேசினாய் என்று கேட்க மாட்டேன், அது உனக்கும் டூஹி டீச்சருக்கும் உள்ளது.

தொப்பி இல்லாமல் வெயிலில் இறங்காதே. ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு போன் பண்ணு, அவன் பேசாவிட்டாலும் வைத்துவிடாதே. புனித பிரிஜித் தன் போர்வையை உன்மேலும் பிள்ளைமேலும் விரிக்கட்டும். நீ தட்டிய அந்தக் குளிர்காலத்தில் அந்தக் கதவு பூட்டிக் கிடந்திருந்தால், நாரைக்குட்டி, இந்தக் கடிதத்தை நான் யாருக்கு எழுதிக்கொண்டிருப்பேன்?

அம்மா