பள்ளிக் கொப்பியில் எழுதிய ஊர்

அன்புள்ள வாப்பாவுக்கு, ஸலாம்.

பாடசாலைப் போட்டிக்குப் புத்தளம் நகரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். களப்பு, உப்பளங்கள், பழைய துறைமுகம் எல்லாம் எழுதியாகிவிட்டது. 'மக்கள்' என்ற பகுதியில்தான் பேனை நின்றுவிட்டது. தொண்ணூறில் யுத்தத்தின்போது மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த நம்மவர்களை இந்த நகரத்தவர் என்று எழுதலாமா? இங்கேயே பிறந்த எங்களையும், யார் ஊர் கேட்டாலும் "மன்னார்" என்று சொல்லத்தானே பழக்கினீர்கள்.

சாமான்களை ஏற்றிக்கொண்டு மன்னாருக்கே குடிவர வெள்ளிக்கிழமை லொறி அனுப்புவதாகச் சொன்னீர்களாம். உம்மா இன்னும் ஒரு பெட்டிகூடக் கட்டவில்லை. அதற்காக உம்மாவை ஏசாதீர்கள்.

தம்பி மவுத்தான அன்று நீங்கள் அங்கே நம் காணியில் காடு வெட்டிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் வந்து சேருவதற்குள் இங்கே மையவாடியில் அடக்கம் முடிந்துவிட்டது. அதற்கு முன் நடந்த ஒன்றை உம்மா உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

பள்ளிவாசல் மோதினார் பள்ளிக் கொப்பியோடு வாசலுக்கு வந்து, உம்மாவிடம், "மையவாடிப் பதிவுக்குக் கேக்கிறன் ராத்தா, புள்ளட ஊர் எது?" என்றார்.

"மன்னார்" என்றேன் நான், பழக்கத்தில்.

"நீ வாயப் பொத்து," என்றார் உம்மா. "புத்தளம் எண்டு எழுதுங்க. என்ட புள்ள வேறொரு ஊரையும் காணல்ல."

லொறியை அனுப்ப வேண்டாம், வாப்பா. அனுப்பினால் வெறுமையாகத்தான் திரும்பும்.

உங்கள் மூத்த மகள்